பதினான்கு நாள் வாடகை, ஐந்தாண்டு ஒப்பந்தம்

ஹைதராபாத் நகரம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 17.4 பாகையில் அமைந்துள்ளது. கரீபியன் கடலில் பிரான்சு நாட்டின் ஒரு மாவட்டமாக விளங்கும் குவாதலூப் தீவு 16 பாகையில் உள்ளது. இரண்டுக்கும் வெயில் ஏறக்குறைய ஒன்றே. எனவே, பாரிஸ் நகரத்தார் பனிக்கு அஞ்சி அத்தீவுக்கு ஓடுவதைக் குறிக்கும் 'குளிர்கால விடுமுறை' என்னும் சொல் நமக்குச் சற்றும் பொருந்தாது. டிசம்பர் மாதத்தில் ஹைதராபாத்தைவிட இதமான ஊர் எங்கே இருக்கிறது? செகந்திராபாத் பத்மராவ் நகரில், மார்கழி விடியலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஸ்கந்தகிரி கோயிலுக்கு நடப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். வெயில் தேடிக் கடல் கடந்து போக ஒருவரும் இசையமாட்டார்கள்.

ஆகவே, கரீபியன் தீவில் வில்லா எடுத்துத் தங்கிவர விரும்பும் நம் ஊர்த் தம்பதிகள் தட்பவெப்பத்தை ஒரு காரணமாகக் கொள்ள வேண்டியதில்லை. கடற்கரைக்காகவே போவதானாலும் அந்தமானும் இலட்சத்தீவும் மிக அருகில், மிகக் குறைந்த செலவில் கிடைக்கின்றன. குவாதலூப்புக்குச் செல்ல வேறொரு காரணம் வேண்டும். தமிழர்களாகிய நமக்கு அத்தகைய காரணம் ஒன்று உண்டு. அதற்கு ஒரு தேதியும் உண்டு: 1854 டிசம்பர் 24.

அன்றுதான் 'ஒரேலி' என்னும் பாய்மரக் கப்பல், கரும்புத் தோட்டக் கூலிகளாக ஒப்பந்தம் செய்யப்பட்ட இந்தியர்களை முதன்முதலாகக் குவாதலூப்பின் புவாந்த்-அ-பித்ர் துறைமுகத்தில் இறக்கியது. முந்தைய ஆண்டில் அதே கப்பல் அண்டைத் தீவான மார்த்தினிக்குக்கும் ஆட்களைக் கொண்டுசென்றிருந்தது. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்க மக்கள் தோட்டங்களை விட்டு விலகினர். அவர்கள் விட்ட இடத்தை நிரப்பப் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆட்கள் ஏற்றப்பட்டனர். 1861இல் பிரிட்டனோடு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டபின் கல்கத்தாவிலிருந்தும் சென்றனர். 1889 வரையிலான முப்பத்தைந்து ஆண்டுகளில் குவாதலூப்புக்குச் சென்றவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க், பெண்ணுக்கு 10 பிராங்க் கூலி. காலம் முடிந்தபின் திரும்பி வரக் கப்பல் கட்டணம் இலவசம் என்று தாளில் எழுதியிருந்தது. திரும்பி வந்தவர்களோ நான்கில் ஒருவருக்கும் குறைவு. நோயிலும் உழைப்பிலும் மாண்டவர்கள் மிகப் பலர். எஞ்சியோர் அங்கேயே வேர் ஊன்றினர்.

என் மனைவி காரைக்காலைச் சேர்ந்தவர். அவருடைய பாட்டியின் பாட்டிக்கு ஓர் அண்ணன் இருந்தாராம். 'சீமைக் கரும்புக் கொல்லைக்கு'க் கப்பலேறிப் போனவர் மீளவில்லையாம். குடும்பத்தில் எஞ்சியது அந்த ஒற்றை வரியும், காரைக்காலில் தெருவுக்கு நால்வருக்கு வாய்த்திருக்கும் ஒரு பெயரும் மட்டுமே. பணி ஓய்வுக்குப் பிறகு, சென்ற டிசம்பரில் நாங்கள் இருவரும் இரண்டு வாரம் அத்தீவில் தங்கிவந்தோம். வெயில் காயவும் கடலில் கால் நனைக்கவும் பதிமூன்று நாள். அந்த அண்ணனைத் தேட ஒரு நாள் என்று கணக்கிட்டிருந்தோம்.

அச்சாரமா, முன்பணமா?

ஐரோப்பியர் கரீபியன் தீவுகளில் விடுதியைவிட வில்லாவையே பெரிதும் விரும்புகின்றனர். குவாதலூப்பில் சிறு வீடுகளை 'ஜீத்' என்றும், நீச்சல் குளம் உள்ள பெரிய வீடுகளை 'வில்லா' என்றும் அழைக்கின்றனர். சமையலறை உடன் இருப்பது மரக்கறி உண்ணும் நம்மவர்க்குப் பெரும் வசதி. அத்தீவின் உணவகங்களில் கருவாடும் இறைச்சியும் இல்லாத தட்டைத் தேடிப் பிடிக்க வேண்டும். பருவ காலத்தில் வாடகை பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமையாக, வாரக் கணக்கில்தான். டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை உயர் பருவம். அதிலும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களும், பிரெஞ்சுப் பள்ளிகளின் பிப்ரவரி விடுமுறையும் உச்சம். ஜனவரி நடுவில் சென்றால் அதே வீடு கணிசமாகக் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும், வெயிலும் அதுவேதான். ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். 1989 செப்டம்பரில் 'ஹியூகோ' புயல் இத்தீவைச் சூறையாடியதை அங்குள்ள முதியவர்கள் நாம் 1977இன் திவிசீமைப் புயலைப் பேசுவதுபோலப் பேசுகிறார்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் உற்றுப் பார்க்க வேண்டிய ஒரு சொல் உண்டு. முன்கூட்டிச் செலுத்தும் தொகையைப் பிரெஞ்சு ஒப்பந்தங்கள் இரண்டு விதமாகக் குறிப்பிடும். ஒன்று 'ஆர்', மற்றொன்று 'அகோந்த்'. முன்னது நம் ஊர் அச்சாரத்தைப் போன்றது. நாம் பயணத்தைக் கைவிட்டால் அத்தொகையை இழப்போம், அவ்வளவோடு விடுதலை. உரிமையாளர் கைவிட்டால் இரு மடங்காகத் திருப்பித் தர வேண்டும். பின்னதோ விலையின் ஒரு பகுதியைச் செலுத்தியதாகக் கருதப்படும். இரு தரப்பும் கட்டுண்டவர்கள். விசா மறுக்கப்பட்டது என்று நாம் எழுதினாலும் மீதித் தொகையைக் கேட்க அவருக்கு வழியுண்டு. ஒரே ஒரு சொல்லில் பல இலட்சம் ரூபாய் தொங்குகிறது. எங்கள் இரண்டு வில்லாக்களில் ஒன்றின் ஒப்பந்தத்தில் பின்னது இருந்தது. உரிமையாளருக்கு எழுதி, முன்னதாக மாற்றக் கேட்டோம். மறு பேச்சின்றி மாற்றித் தந்தார். கேட்டால் கிடைக்கும், கேளாமல் கிடைக்காது.

வாடகைக்கு மேல் துப்புரவுக் கட்டணம், ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்னும் சுற்றுலா வரி, சேத டெபாசிட் ஆகியவை வரும். டெபாசிட் தொகையைப் பெரும்பாலும் ரொக்கமாகப் பெறுவதில்லை. கடன் அட்டையில் 'முன் அங்கீகாரம்' என்ற பெயரில் நிறுத்தி வைக்கின்றனர். பணம் கணக்கிலிருந்து போகாது. ஆனால் அட்டையின் வரம்பு அவ்வளவுக்குக் குறைந்துவிடும். வாடகைக் காரும் இதே முறையில் இன்னொரு தொகையைப் பிடித்து வைக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்து, அதற்குமேல் செலவுக்கு இடம் இருக்கிறதா என்று புறப்படும் முன்பே கணக்கிட்டுக்கொள்வது நலம். முன்கட்டண ஃபோரெக்ஸ் கார்டைப் பல வாடகை நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு ஏற்பதில்லை. ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கடன் அட்டையைத்தான் கேட்கின்றன.

அந்த ஃபோரெக்ஸ் கார்டு அன்றாடச் செலவுக்கு மிகப் பொருத்தமானது. குவாதலூப்பின் நாணயம் யூரோ. ஆதலால் யூரோ ஏற்றிய அட்டை பாரிஸிலும் தீவிலும் ஒன்றுபோலச் செல்லும். சாதாரணக் கடன் அட்டையில் அந்நியச் செலாவணிக் கூடுதல் கட்டணம் 3.5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 1,000 யூரோ செலவுக்கு 35 யூரோ. அக்கட்டணத்தின்மேல் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 6.30 யூரோ, ஆக 41.30 யூரோ காற்றில் போகும். கடைக்காரர் கருவியை நீட்டி, 'ரூபாயிலா, யூரோவிலா?' என்று கேட்டால் தயங்காமல் யூரோ என்று சொல்லுங்கள். ரூபாய் என்று சொன்னால் அந்த மாற்று விகிதத்தை முடிவு செய்வது நம் வங்கி அன்று. விகிதமும் பெரும்பாலும் நமக்குச் சாதகமாக இராது.

வெளிநாட்டுப் பயன்பாடு அட்டையில் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். ரிசர்வ் வங்கியின் 2020ஆம் ஆண்டு விதிப்படி, புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்து தரப்படுகின்றன. மற்றதை நாமே திறக்க வேண்டும். ஒருமுறைக் கடவுச்சொல் வரும் கைப்பேசி எண்ணுக்கு ரோமிங் வசதி இல்லையேல், அத்தனை அட்டைகளும் பையில் உறங்கும்.

வங்கி வழியே வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவோர், தாராளமயமாக்கப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்கீழ் ஒரு நிதியாண்டில் ஒருவருக்கு 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். கணவனுக்கும் மனைவிக்கும் தனித்தனி வரம்பு. அனுப்பும் தொகை நிதியாண்டில் 10 இலட்சம் ரூபாயைத் தாண்டும்போது மிகுதிக்கு டி.சி.எஸ். பிடிக்கப்படும், 2025 ஏப்ரலுக்கு முன் இந்த எல்லை 7 இலட்சமாக இருந்தது. சுற்றுலா நிறுவனத்தின் தொகுப்புப் பயணத்துக்கு விதி வேறு, விகிதமும் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுகிறது. கிளையில் கேட்டுத் தெளிவது நல்லது. பலரும் அஞ்சுவதுபோல் டி.சி.எஸ். தொலைந்த பணம் அன்று. வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். வரி இல்லாதவர் திரும்பப் பெறலாம்.

இரண்டு விசா, ஒரு மரம்

பயணத்தின் மிகக் கடினமான பகுதி விசா. குவாதலூப் பிரான்சின் ஒரு மாவட்டமே ஆனாலும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. ஷெங்கன் விசா தானாகவே அங்குச் செல்லாது. விண்ணப்பத்தில் சேருமிடம் குவாதலூப் என்று தெளிவாகக் குறிப்பிட வேண்டும். விசா ஒட்டுத்தாளில் அப்பகுதிக்குச் செல்லுபடியாகும் என்ற குறிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பாரிஸில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி, ஓர்லி நிலையத்துக்கு மாறி ஏறுவதானால் ஷெங்கன் விசாவும் தேவை. அருகிலுள்ள டொமினிக்கா தீவுக்கு இந்தியர்க்கு விசா வேண்டியதில்லை. கப்பலில் சில மணி நேரம். ஆனால் அங்குப் போய்விட்டுக் குவாதலூப்புக்குத் திரும்ப, பலமுறை நுழையும் விசா கையில் இருக்க வேண்டும். ஒரு முறைக்கான விசாவோடு டொமினிக்காவுக்கு உல்லாசமாகக் கப்பலேறுவோர் திரும்பும் துறையில் திகைத்து நிற்க நேரும்.

விசாச் சுமை பெரிதெனக் கருதுவோர்க்கு பார்படோஸ் உள்ளது. இந்தியர்க்கு விசா இல்லை. இடப்பக்கமாகக் கார் ஓட்டலாம். இரண்டு பார்படோஸ் டாலர் ஓர் அமெரிக்க டாலருக்கு நிகர் என்னும் கணக்கு 1975 முதல் மாறவே இல்லை. நல்ல கடற்கரை, நல்ல கிரிக்கெட். ஆயினும் அங்கே மாரியம்மன் இல்லை.

குவாதலூப் வரைபடத்தில் சிறகு விரித்த பட்டாம்பூச்சியைப் போன்றது. கிழக்குச் சிறகு கிராந்த்-தேர்: தட்டை நிலம், சுண்ணாம்புப் பாறை, கரும்பு. மேற்குச் சிறகு பாஸ்-தேர்: மழைக்காடு, அருவிகள், 1,467 மீட்டர் உயரமுள்ள சூஃப்ரியேர் எரிமலை. இடையே ஒடுங்கிய உப்பங்கழி. முதல் வாரத்துக்குக் கிழக்குக் கோடியிலுள்ள சேன் பிரான்சுவாவிலும், இரண்டாம் வாரத்துக்கு மேற்கே கப்பெஸ்தேர் ஊரின் மேட்டிலும் வில்லா எடுத்தோம். இரண்டும் தமிழ் வழித்தோன்றல்கள் மிகுந்த ஊர்கள். சேன் பிரான்சுவாவின் மேயராகவும் பிரெஞ்சு நாடாளுமன்ற உறுப்பினராகவும் விளங்கியவர் எர்னஸ்ட் முத்துசாமி. பிரெஞ்சு எழுத்தில் அப்பெயரைக் காணும்போது உடனே பிடிபடாது; மெல்ல வாய்விட்டுப் படித்தால் நம் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார்.

சேன் பிரான்சுவா வில்லாவில் மூன்றாம் நாள் காலை குழாய் வறண்டது. இதில் எங்களுக்கு வியப்பில்லை. தண்ணீர் லாரிக்குத் தொலைபேசியில் சொல்லிவைத்துக் கோடையைக் கழிக்கும் நகரத்திலிருந்தல்லவா போயிருந்தோம். ஆனால் இதை முன்பே அறிந்து, 'வீட்டில் தொட்டி உண்டா?' என்று பதிவின்போதே கேட்டு வைத்திருந்தோம். இரண்டே நிமிடத்தில் தொட்டி நீர் வந்தது. இத்தீவின் குடிநீர் பாஸ்-தேர் மலையிலிருந்து குழாய் வழியே கிழக்கே வருகிறது. பழுதான குழாய்களில் பாதிக்கும் மேல் கசிந்து வீணாகிறது. உள்ளூரார் முறை வைத்துத் தண்ணீர் பெறுகின்றனர். நீச்சல் குளத்தின் புகைப்படத்தைப் பார்த்து வில்லாவைத் தேர்வோர், தொட்டியைப் பற்றிக் கேட்பதே அறிவுடைமை.

வேறு இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. கடற்கரையோரம் சிறிய பச்சை ஆப்பிளைப் போலக் காய்க்கும் 'மான்செனியே' என்னும் மரம் நச்சு மரம். பட்டையில் சிவப்பு வளையம் தீட்டியிருப்பார்கள். மழைக்குக்கூட அதன் கீழ் ஒதுங்கலாகாது, சொட்டும் நீர் தோலைப் பொசுக்கும். அடுத்தது, வாழைத் தோட்டங்களில் 1993 வரை தெளிக்கப்பட்ட 'குளோர்டிகோன்' என்னும் பூச்சிக்கொல்லி. அது மண்ணில் இன்றும் நீங்காமல் தங்கியுள்ளது. சாலையோரத்தில் விற்கும் கிழங்கு வகைகளை எந்த நிலத்தில் விளைந்தவை என்று அறியாமல் வாங்காதிருப்பது நலம். கடைகளில் விற்பவை சோதனைக்குட்பட்டவை.

சமையல் எங்களுக்கு மகிழ்ச்சியாகவே நடந்தது. கிறிஸ்துமஸ் காலத்தில் அத்தீவின் ஒவ்வொரு சந்தையிலும் 'அங்கோலாப் பயறு' என்னும் பெயரில் பச்சைக் காய்களைக் குவித்து விற்கின்றனர். உரித்துப் பார்த்தால் நம் துவரை! ஆப்பிரிக்கா வழியாக அங்குச் சென்ற துவரை, கிறிஸ்துமஸ் விருந்தில் பன்றி இறைச்சிக்குத் துணையாக அமர்ந்திருக்கிறது. தாண்டூர்த் துவரையில் வளர்ந்தவர்கள் நாங்கள். பச்சைத் துவரையில் பூசணித் துண்டு இட்டு ஒரு கூட்டு வைத்தார் என் மனைவி. பக்கத்து வில்லாவில் தங்கியிருந்த லியோன் நகரத் தம்பதி, வாசனை பிடித்து வேலியருகே வந்துவிட்டனர்.

தீவின் தேசிய உணவு என்று சொல்லத்தக்கது 'கொலம்போ'. ஆட்டிறைச்சியிலோ கோழியிலோ செய்வது. பெயர் இலங்கைத் தலைநகரைக் குறிக்கிறது என்பார் சிலர். குழம்பு என்பதன் திரிபே என்பார் சிலர். உண்டு பார்த்தவர்க்கு ஐயம் இராது. கொத்தமல்லி, சீரகம், மஞ்சள், கடுகு, வெந்தயம், மிளகு சேர்ந்த அப்பொடியில் மிளகாய் மட்டும் பெரும்பாலும் இல்லை. காரம் வேண்டுவோர் தீவின் மிளகாயைத் தனியே சேர்த்துக்கொள்கின்றனர். இறைச்சிக்குப் பதில் கத்தரிக்காய் இட்டால் நாம் ஞாயிற்றுக்கிழமை வைக்கும் குழம்புதான்.

கப்பெஸ்தேர்

இரண்டாம் வாரம் மேற்குச் சிறகுக்கு மாறினோம். வழியெங்கும் கரும்பு, பிப்ரவரியில் வெட்டத் தொடங்குவார்களாம். மாடுகளைப் பூட்டிப் பாரம் இழுக்கும் போட்டி அத்தீவினருக்கு உயிர். சங்கராந்தியன்று ஆந்திரச் சிற்றூர்களில் காளைகள் கல் இழுப்பதைக் கண்டவர்கள் அங்கே ஊர் நினைவு வரப் பெறுவார்கள்.

கப்பெஸ்தேரில் பகல் பாதி மழை. வாழைத் தோட்டங்களுக்கு மேலே முகில் இறங்கி நிற்கும். நெடுஞ்சாலையோரம், ஷாஞ்ஜி என்னும் இடத்தில், வண்ணச் சிலைகள் நிறைந்த கோயில் ஒன்று நிற்கிறது. அங்குள்ளோர் நாவில் மாரியம்மன் 'மாலியெமென்' ஆகியிருக்கிறாள். மதுரை வீரனும் உருமாறிய பெயரோடு காவல் நிற்கிறான். நாகூர் ஆண்டவருக்கு, 'நாகூர் மீரா' என்ற பெயரில் கம்பம் நட்டுக் கொடி ஏற்றுகின்றனர். கப்பலில் உயிர் பிழைத்து வந்தவர்களின் நேர்த்திக்கடன் என்று கூறுகின்றனர். நாகூர் காரைக்காலுக்கு எத்தனை அருகில் இருக்கிறது என்பதை எண்ணிக்கொண்டேன்.

தமிழ் அங்கே பேச்சு மொழியாக இல்லை. வழிபாட்டுப் பாட்டுகள் மட்டும் எஞ்சியுள்ளன; பிரெஞ்சு எழுத்தில் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்து, பொருள் அறியாமலே பிழையின்றிப் பாடுகின்றனர். மத்தளம் 'மத்தலோன்' ஆயிற்று. இரவெல்லாம் ஆடும் கூத்துக்கு 'நாத்ரோன்' என்று பெயர்; நாடகம் என்னும் சொல் கடல் கடந்து தேய்ந்து நிற்கிறது. திருவிழாக்களில் ஆடு பலியிடுவதும் உண்டு. அதைக் காண விரும்பாதோர் நாள் பார்த்துச் செல்லலாம்.

நாங்கள் சென்ற அன்று விழா ஏதும் இல்லை. முதியவர் ஒருவர் முற்றத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். அவருக்குப் பிரெஞ்சும் கிரியோலும். எங்களுக்குத் தமிழும் தெலுங்கும் ஆங்கிலமும். ஒரு மரக்கிளையை வளைத்து என் மனைவியிடம் நீட்டி, "வேப்பெலே" என்றார். "வேப்பிலை" என்று திருத்தினார் மனைவி. ஆசிரியர் பணியில் இருந்தவர் அல்லவா! முதியவர் சற்றும் அசையாமல், "வேப்பெலே" என்றே மீண்டும் அழுத்திச் சொன்னார். நூற்றைம்பது ஆண்டு கடல் உப்பில் ஊறிய சொல்லைத் திருத்த நாம் யார் என்று எனக்குத் தோன்றியது. மனைவியும் அதற்குமேல் பேசவில்லை. இலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இவ்வூரில் 1863இல் பிறந்தவர் ஆன்றி சிதம்பரோம். தீவில் பிறந்த இந்தியர்கள் அந்நியர்களாகவே கருதப்பட்டனர், வாக்குரிமை இல்லை. 1904இல் இவர் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க முயன்றார். ஆளுநர் தரப்பு எதிர்த்தது. வழக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இழுத்தது. 1923இல் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. ஒப்பந்தத் தாளில் ஐந்தாண்டு என்று எழுதப்பட்டிருந்தது, குடியுரிமையாக மாற எழுபதாண்டுக்கும் அருகில் ஆயிற்று. சிதம்பரோம் 1952 வரை வாழ்ந்தார்.

தேடலுக்கென ஒதுக்கியிருந்த நாளில் கூர்பேர் ஊரிலுள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்துக்குச் சென்றோம். தேடுவோர் கையில் கப்பலின் பெயரோ, வந்த ஆண்டோ, தோட்டத்தின் பெயரோ ஒன்றாவது இருக்க வேண்டும். எங்களிடம் இருந்தது ஒரு மனிதனின் பெயர் மட்டும். அக்காலத்தில் தந்தை பெயரும் ஊரும் ஒழுங்காக எழுதப்படவில்லை. எழுத்தர் காதில் விழுந்தபடி பிரெஞ்சு எழுத்தில் பதிந்தார். ஒரே பெயர் மூன்று நான்கு எழுத்துக்கூட்டலில் வருகிறது. ஒருவரின் தனிப்பெயரே அவர் பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராகிவிட்டது. மாலைக்குள் அதே பெயரில் ஆறு பேரைக் கண்டோம். அவர்களில் எவர் காரைக்கால் பாட்டியின் அண்ணன் என்று சொல்ல ஒரு சான்றும் இல்லை. ஒருவர் வந்த இரண்டாம் ஆண்டிலேயே இறந்திருந்தார். மனைவி ஆறு பெயரையும் எண்களோடு நோட்டில் எழுதிக்கொண்டார். 'இவர்களில் எவராக இருந்தாலும் யாரோ ஒருத்திக்கு அண்ணன்தானே' என்றார் காரில் வரும்போது. அதன்பின் அருவி பார்க்கப் போகும் திட்டத்தைக் கைவிட்டு, மழை பெய்யும் தாழ்வாரத்தில் அமர்ந்து தேநீர் குடித்தோம்.

அடுத்த நாள் அருவிக்குப் போனோம். கார்பே ஆற்றில் மூன்று அருவிகள். இரண்டாவது 110 மீட்டர் உயரம், காட்டு வழியில் நடந்து எளிதில் காணலாம். 1493இல் கொலம்பஸ் கடலிலிருந்தே இந்த வீழ்ச்சியைக் கண்டதாகச் சொல்வர். அவர் தேடி வந்தது இந்தியாவை. இந்தியர் உண்மையிலேயே அங்கு வந்து சேர மேலும் 361 ஆண்டுகள் ஆயின.

புறப்படும் முன் புவாந்த்-அ-பித்ர் சந்தையில் மனைவி ஒரு தலைத்துணி வாங்கினார். மஞ்சளும் சிவப்புமாகக் கட்டம் போட்டது. அதன் பெயர் 'மத்ராஸ்'. தீவின் பெண்கள் விழா நாள்களில் தலையில் கட்டும் தேசிய உடை அது. தமிழர்கள் கப்பலேறுவதற்கு நூறாண்டுக்கு முன்பே பழவேற்காட்டிலிருந்து சீராலா வரையிலான சோழமண்டலக் கரையின் தறிகளில் நெய்த கட்டம் போட்ட கைக்குட்டைத் துணி அட்லாண்டிக்கைக் கடந்துவிட்டது. இன்று அத்தீவில் விற்கும் துணியில் பெரும்பகுதி ஆலைத் துணி. கடைக்காரப் பெண்மணி, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். ஹைதராபாத் என்றேன், முகத்தில் மாற்றமில்லை. மத்ராஸ் அருகில் என்றேன். விலையில் இரண்டு யூரோ குறைத்தார்.

ஊர் திரும்பிய ஒன்பதாம் நாள் இரண்டாவது வில்லாவின் முன் அங்கீகாரம் அட்டையிலிருந்து நீங்கியது. முதலாவதற்கு மேலும் ஒரு வாரம் பிடித்தது. அதுவரை அட்டை அறிக்கையை நாள்தோறும் பார்ப்பது நல்ல பழக்கம். ஆவணத் தேடலை விரும்புவோர் செலவு செய்து தீவுக்குப் போய்த்தான் தொடங்க வேண்டும் என்பதில்லை. தென் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த ஆட்சிப் பகுதிகளுக்கான தேசிய ஆவணக் காப்பகம், குவாதலூப்பின் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் இலவசமாக வைத்துள்ளது. கையெழுத்து கடினம், பழகினால் வசப்படும். என் மனைவி இரவு உணவுக்குப் பின் நாளுக்குப் பத்துப் பக்கம் என்று படிக்கிறார். இப்போது கப்பெஸ்தேர் ஊரின் 1868ஆம் ஆண்டில் இருக்கிறார்.